சட்டம் அறிவோம்: ‘பி.சி.ஆர்.’ என்ற மூன்று எழுத்து

நம் பக்கத்தில் ‘பி.சி.ஆர்.’ என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, “பார்த்துப் பேசுங்க, பி.சி.ஆர். கேஸ் ஆயிடும்” என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த மூன்று எழுத்தின் விரிவு என்ன என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

‘புரொடெக்‌ஷன் ஆஃப் சிவில் ரைட்ஸ்’, அதாவது குடிமை உரிமைகள் பாதுகாப்பு. யாரையும் மிரட்டுவதற்காக வந்த சொல் அல்ல இது. டீக்கடைக்குள் போய், எல்லோரும் குடிக்கும் டம்ளரில் டீ குடிக்க ஒரு மனிதருக்கு உள்ள உரிமையைக் காக்க வந்த சட்டத்தின் பெயர். இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சட்டம் வந்த வழி

இந்த உரிமையை யாரும் தானமாகத் தரவில்லை. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்தது. நம் ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே சென்று சிறைப்பட்டார். 1927-ல் மகாட் ஊரின் பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்காக அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்றார். தெருவில் நடப்பதும் தண்ணீர் குடிப்பதும்தான் அன்றைய கோரிக்கைகள்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் 1955-ல் வந்தது. 1976-ல் அது கடுமையாக்கப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. கடை, உணவகம், அங்குள்ள பாத்திரங்கள், கிணறு, குழாய், பாதை, சுடுகாடு, இடுகாடு என்று சட்டத்தின் 4-ஆவது பிரிவு ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறது. தீண்டாமையின் பேரால் இவற்றைத் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், தீண்டாமை காரணமாகவே அது நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பின் பொறுப்பு.

இன்னும் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. இன்றைய வழக்குகள் பலவும் அதன் கீழ்தான் பதிவாகின்றன. ஆனாலும் ஊர் வழக்கில் எல்லாமே ‘பி.சி.ஆர். கேஸ்’தான்.

அதே 1955-ல் அமெரிக்காவில்

நாம் சட்டம் இயற்றிய அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் மாண்ட்கமெரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினத் தையல் தொழிலாளி, பேருந்தில் வெள்ளையருக்காகத் தன் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அந்த நகரப் பேருந்துகளில் ஏறுவோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மைல்கணக்கில் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறை வைத்து மற்றவர்களை ஏற்றிச் சென்றார்கள். 1956-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாடு முழுமைக்கும் குடிமை உரிமைச் சட்டம் வந்தது 1964-ல்தான்.

அந்தப் போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளியில், ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்’ என்று அவரை அறிமுகம் செய்தார்கள். முதலில் அவருக்கு அது உறுத்தியது. பிறகு தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் அப்படித்தான் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் ஒரு சொற்பொழிவில் கூறினார். பெயர் வேறாக இருந்தாலும் நோய் ஒன்றே.

நம் ஊரில்

சட்டம் நமக்கு முன்னதாகவே வந்துவிட்டது. நோய் போய்விட்டதா? தேங்காய்த் தொட்டியில் டீ ஊற்றிய காலம் போய், தனி டம்ளர் வந்தது. தனி டம்ளர் குற்றம் என்று தெரிந்ததும் சில ஊர்களில் ஒருவருக்குக் கண்ணாடி டம்ளரும் இன்னொருவருக்குக் காகிதக் கப்பும் என்றானது.

2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் சத்துணவு சமையலராக வந்தார். அவர் சமைத்ததைப் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று ஊரில் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரையே இடம் மாற்றினார்கள். பல அமைப்புகள் உடன் நின்று போராடியதால் அந்த மாற்றம் ரத்தானது. வழக்கும் பதிவானது. திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2025-ல். ஒரு கரண்டியைப் பிடிக்கும் உரிமைக்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

இரு ஊர்களும் சொல்லும் பாடம் ஒன்றே. சட்டம் தானாக ஊருக்குள் நடந்து வராது. ஒருவர் புகார் கொடுக்க வேண்டும். அவர் தனித்துப் போகாமல் மற்றவர்கள் உடன் நிற்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

புகாரை எழுத்தில் கொடுக்க உதவுவோம். தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர்கள் என எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. வன்கொடுமைச் சட்டப் புகாரைப் பதிவு செய்ய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. காவல் நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரில் என்றால் ஆணையருக்கு, தபாலில் அனுப்பலாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். தேசிய உதவி எண் 14566.

எல்லாவற்றையும் விடக் கடினமானது சாட்சி சொல்வது. ‘நமக்கெதற்கு வம்பு’ என்று ஒதுங்குவதுதான் நம் வழக்கம். பெயரைக் கேட்டதும் ‘வீடு காலி இல்லை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வலி தெரிந்த நாமே இன்னொருவருக்கு நடக்கும்போது வாய்மூடி இருக்கலாமா? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் நாம், வெளியே வந்ததும் செருப்போடு சேர்த்து வேற்றுமையையும் மாட்டிக்கொள்ளலாமா?

கலந்துரையாட:

1. நம் கடையிலும் பட்டறையிலும் வேலை செய்யும் எல்லோரும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்களா?
2. நம் வீட்டைச் சுத்தம் செய்பவருக்கு எந்தத் தட்டில் உணவு தருகிறோம்?
3. நாளை ஒரு புகாருக்குச் சாட்சி தேவைப்பட்டால் நம்மில் யார் எழுந்து போவோம்?

மூன்றாவது கேள்விக்கு வீட்டில் அனைவரும் கூடி உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்ப்போம்.