எள்ளல் நகையும் மேனி நிறமும்

நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்கென வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். ஆள்வோரை எள்ளுதல் குடிகளின் உரிமை, அதனைப் பழித்தற்கில்லை. ஆயின் அரசியலாரது உருவத்தை எள்ளுங்கால் எல்லாரையும் ஒரே கோலால் அளக்கின்றனரா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இங்கிலாந்தின் முதலமைச்சராயிருந்த கிளாட்ஸ்டனின் கழுத்துப்பட்டையைப் 'பஞ்ச்' இதழின் சித்திரக்காரர் ஹாரி பர்னிஸ் மிகப் பெரிதாக்கி வரைந்து வந்தார். உண்மையில் அப்பட்டை அத்துணைப் பெரிதன்று. மக்கள் சிரித்தனர். அப்பட்டையைக் காட்டிக் கிளாட்ஸ்டன் ஆளத் தகாதவர் என்று எவரும் வாதிக்கவில்லை. அவர் இனத்தாரையும் இழிக்கவில்லை.

அதே காலத்தில் தாதாபாய் நவுரோஜிக்கு நேர்ந்ததோ வேறு. 1886-இல் லண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்ற அவரைக் குறித்து முதலமைச்சர் சாலிஸ்பரி பிரபு 1888 நவம்பர் 30-இல் எடின்பரோவிற் பேசுகையில், கறுப்பு மனிதரொருவரைப் பிரிட்டிஷ் தொகுதி தெரிந்தெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை என்னும் கருத்துப்படக் கூறினார். இவ்வெள்ளல் ஒருவரோடு நிற்பதன்று. அவர் பிறந்த நாட்டார் அனைவரையும் மன்றத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்துவது. 1892-இல் மத்திய பின்ஸ்பரி தொகுதியார் நவுரோஜியைத் தெரிந்தெடுத்தனர். வாக்கு வேறுபாடு விரல்விட்டு எண்ணத்தக்கது. அவர் பெயர் நாவில் வழங்காத ஆங்கிலேயர் அதனை 'நாரோ மெஜாரிட்டி', அஃதாவது குறுகிய பெரும்பான்மை, என்று திரித்து மகிழ்ந்தனர். அது நல்ல நகையே. அதனால் எவர்க்கும் இழிவில்லை.

சாலிஸ்பரிக்கு அக்காலத்தார் சிலர் இறுத்த விடை உற்று நோக்கத்தக்கது. நவுரோஜி பார்சி வகுப்பினர், வெண்மேனியர். சாலிஸ்பரியே அவரினும் கறுத்தவர் என்பது அவ்விடை. கேட்கச் சுவையானதுதான். எனினும் கறுத்தவர் தகுதியற்றவர் என்னும் அடிப்படையை அது மறுத்ததா? இல்லை, ஒருவரை மட்டும் அப்பட்டியலினின்று விடுவித்தது. பெருமுக்கலைக் கடந்து கிழக்கே மரக்காணம் செல்வோர், வெயிலிற் பாத்திகளில் நின்று உப்பு வாரும் ஆடவரையும் மகளிரையும் காண்பர். அவர் மேனி பிறப்பாலும் கறுப்பு, வெயிலாலும் கறுப்பு. அவர்க்கு அவ்விடை என் செய்யும்? மணமகள் சிவந்த நிறத்தினளாதல் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்யும் நம்மவரும் சாலிஸ்பரியின் கோலையே கையிற் பிடித்துள்ளனர். அவரை மட்டும் வைதல் முறையன்று.

காந்தியடிகள் கொண்ட வழி வேறு. 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில், ஏழையர்க்குக் கிட்டும் ஆடையே தமக்கும் போதுமென்று அரையாடைக்கு மாறினார். 1930-இல் உப்புக்காகச் சிறை புகுந்து, மறு ஆண்டு விடுதலையாகி, அவ்வாடையோடே வைஸ்ராய் இர்வின் பிரபுவின் மாளிகைப் படியேறினார். அதனைக் கண்டு சர்ச்சில் 1931 பிப்ரவரி 23-இல் தம் எப்பிங் தொகுதியிற் பேசியபோது, மிடில் டெம்பிள் வழக்கறிஞர் ஒருவர் பக்கிரி வேடம் பூண்டு அரை நிர்வாணராய்ப் படியேறுவது அருவருப்பைத் தருகின்றது என்றார். (காந்தியடிகள் சட்டம் பயின்றது இன்னர் டெம்பிளில், அதனையும் அவர் பிழைபடவே சொன்னார்.) இதே சர்ச்சிலின் பருத்த முகத்தை 1940-இல் ஸ்ட்ரூப் என்னும் சித்திரக்காரர் புல்டாக் நாயின் உடலிற் பொருத்தி வரைந்தார். அதை நாட்டார் அவரது உறுதிக்கு அடையாளமாகக் கொண்டாடினர். வெள்ளையரை நாயாக வரையினும் அது வீரம். இந்தியர் ஏழையுடை உடுப்பின் அது நாகரிகமின்மை!

எள்ளப்பட்ட அப்படியேற்றத்தின் பயனாக 1931 மார்ச் 5-இல் உடன்படிக்கை எழுந்தது. உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் வீட்டுக்கு உப்பெடுக்கவும், தம் ஊருக்குள் விற்கவும் அது வழிவிட்டது. மரக்காணம் போன்ற கடற்கரையூர்கட்கு இஃது எத்துணைப் பெரிதென்று விரித்துரைக்க வேண்டா.

1944 ஜூலை 17-இல் காந்தியடிகள் சர்ச்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் லண்டனிற் சட்டம் பயின்றவர், ஒருகால் கோட்டும் தொப்பியும் அணிந்தவர் என்று அதில் வாதிக்கவில்லை. பக்கிரியாகவும், அதனினும் அரிதாகிய நிர்வாணராகவும் ஆவதற்குத் தாம் நெடுநாள் முயல்வதாகவும், ஆதலால் அச்சொல்லைப் பாராட்டாகவே கொள்வதாகவும் எழுதினார். அக்கடிதம் வழியிற் தவறிப் போயிற்று. அதன் படியைச் சில திங்கள் கழித்து அவர் மீண்டும் அனுப்பினார்.