பழைய லெப்டொப் வாங்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைக்கு ஒரு லெப்டொப் வேண்டும் என்று தீபாவளி முற்பணத்தையும் சீட்டுக்காசையும் சேர்த்துக்கொண்டு பல்லேகலயிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறுகிற பெற்றோருக்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். புதிது புதிதாக இறங்கும் மாடல்கள் இருக்கட்டும். நமக்குக் கட்டுப்படியாவது பாவித்த கணினிதான். ஏமாறவும் அதில்தான் இடமுண்டு.

2015இல் வந்த விண்டோஸ் 10க்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. கணினி அன்றைக்கே நின்றுபோகாது. லயத்துக் கூரையில் ஓட்டை விழுந்தும் தகரம் மாற்ற ஆள் வராத கதைதான். மழை வரும்போது தெரியும். 2021இல் வந்த விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணினிகளையும் ஏற்காது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது? கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். புரொசசர் என்ற இடத்தில் ஐ5-8250 என்றிருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் 8தான் தலைமுறை. 6300 என்றால் ஆறு. 10210 என்றால் பத்து. "அண்ணே, இதிலயும் 11 போட்டிருக்கு, பயப்படாதீங்க" என்பார்கள். எப்படியோ ஏற்றிவிடலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. ஆகவே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஆறாம் தலைமுறைக் கணினி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? வீசிவிடாதீர்கள். லினக்ஸ் மின்ட் இலவசம், லிப்ரே ஒபிஸும் இலவசம். பாடசாலை வேலைக்குப் போதும்.

வாங்குமுன் சார்ஜரைக் கழற்றி அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.