மாமியாரோடு டிபன்

கே: நாலு வயதுப் பையன், எண்பது வயது மாமியார். இருவரையும் கூட்டிக்கொண்டு போய் மயிலாப்பூரில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட எந்த இடம் நல்லது? – வாசகி, அடையாறு

ப: கிழக்கு மாட வீதியிலுள்ள கற்பகாம்பாள் மெஸ். மாமியாருக்கு அடை அவியல், உங்களுக்குக் கீரை வடை. கோயில் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையின் பொங்கலும் பிரமாதம்தான். ஆனால் தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும், மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்!

பையன் ஓடியாட வேண்டுமா? அதற்கென்றே கதீட்ரல் சாலையில் 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. காருக்கே தட்டு வரும். பிள்ளைகள் மரத்தடியில் விளையாடுவார்கள். 2008-இல் மூடிவிட்டார்கள். அதே இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. முதலில் பூங்கா, பிறகு மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனித் திருவிழா நாட்களில் மட்டும் மாட வீதிப் பக்கம் காரைக் கொண்டுபோகாதீர்கள்.