எஞ்சின் நின்றால் எந்தக் கொல்லையில் இறக்குவாய்?

பனமலைச் சுற்றுவட்டாரத்திலிருந்து விமானம் ஓட்டக் கற்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது செலவைப் பற்றி. அடுத்துக் கேட்பது பி.பி.எல். எனப்படும் தனியார் விமானி உரிமத்துக்கான பறத்தல் தேர்வைப் பற்றி. காகிதத்தில் பார்த்தால் மிரட்டுகிற விதி ஒன்றும் இல்லை. 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் எழுத்துத் தேர்வு, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். அதற்குள் வெவ்வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிறுத்திக் கிளம்பும் 150 நாட்டிகல் மைல் தனிப் பயணமும் ஒன்று இருக்க வேண்டும். இத்தனையும் முடித்த பிறகும், எக்ஸாமினர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பலர் திணறிப் போகிறார்கள். கைக்குப் பழக்கம் வந்துவிடுகிறது. எதை ஏன் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லி முடிவெடுக்கிற பழக்கம் வருவதில்லை. என் அனுபவத்தில் தேர்வுக்கான தயாரிப்பு முழுவதும் அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வதுதான்.

இந்த விமானத்தில் நாளைக்கு ஒரு பயணியை ஏற்றி உங்களிடம் ஒப்படைக்கலாமா என்றுதான் எக்ஸாமினர் பார்க்கிறார். உயரம் ஐம்பது அடி இறங்கினால் அவர் உடனே பேனாவை எடுப்பதில்லை. இறங்கியதை நீங்கள் கவனித்தீர்களா, கவனித்ததும் திருத்தினீர்களா என்று பார்ப்பார். அதனால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். “உயரம் குறைகிறது, திருத்துகிறேன்” என்ற ஒரு வரி, பேசாமல் சரிசெய்துவிடுவதைவிட மதிப்பானது.

பயிற்சிக்கு நடுவே கிடைத்த விடுப்புகளில் நான் தயாரானது எங்கள் வீட்டுத் திண்ணையில். விமானத்தின் காக்பிட் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். எதிரே ஒரு நாற்காலி. செக்லிஸ்டைப் படிக்கும்போது அந்தந்தக் கருவியின் மேல் கை வைத்துப் படிப்பேன். ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது), நாற்பத்தைந்து பாகைத் திருப்பம், எஞ்சின் செயலிழப்பு என ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நாற்காலியிலேயே பறப்பேன். நிஜ விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆகிற செலவு நம்மைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய தொகை. அந்த ஒரு மணியில் ஏறும் முன்பே எல்லா அசைவும் மனசுக்குள் ஓடியிருந்தால், மேலே போய் அதைச் சரிபார்த்தால் போதும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில விடையை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். முதல் கேள்விக்கு அது கைகொடுக்கும், இரண்டாவது கேள்வி “ஏன்?” என்று வரும், அங்கே நின்றுவிடும். நான் ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் என் தம்பிக்கு விளக்குவேன். விமானம் வேகம் குறைவதால் மட்டும் ஸ்டால் ஆவதில்லை, இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் எல்லை மீறினால் எந்த வேகத்திலும் ஆகும் என்று சொன்னபோது, அவன் விடாமல் கேட்டுக் குடைந்தான். அந்தக் குடைச்சலில்தான் எனக்கே விஷயம் தெளிந்தது. நாற்பத்தைந்து பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கையின் மேல் சுமை 1.4 மடங்காகும், ஸ்டால் வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். நேராகப் பறக்கையில் 45 நாட் (மணிக்கு 45 நாட்டிகல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகிற விமானம் அப்போது 54 நாட் வேகத்திலேயே ஆகிவிடும். தமிழில் புரிந்துகொண்ட பிறகு ஆங்கிலத்தில் சொல்வது சிரமமாகவே இல்லை. வானொலியில் பேசும் ஆங்கிலம் தனிப் பயிற்சி, அதற்குத் தினமும் ஒத்திகை வேண்டும். வானொலியை இயக்குவதற்கான ஆர்.டி.ஆர். சான்றிதழுக்குப் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம், அதை வழங்கும் பொறுப்பைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டி.ஜி.சி.ஏ.வுக்கு மாற்றியிருக்கிறது.

தேர்வில் கிராமத்துப் பிள்ளைக்கு இயல்பாகவே கைவரக்கூடியது, எஞ்சின் நின்றால் இறங்க இடம் தேடுகிற பகுதி. எக்ஸாமினர் சொல்லாமல் கொள்ளாமல் திராட்டிலை இழுத்துவிட்டு, “எஞ்சின் போய்விட்டது” என்பார். செஸ்னா 152 பயிற்சி விமானம் என்றால் உடனே 60 நாட் மிதவை வேகத்துக்கு வர வேண்டும். ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல் தூரம் கிடைக்கும், காற்று எதிர்த்தால் அதுவும் குறையும். இருக்கிற நேரத்தில் நிலத்தைப் பார்த்து ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

இதற்காக அப்பாவைக் கூட்டிக்கொண்டு பனமலைக் குன்றின் மேல் ஏறினேன். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கும் குன்று. கோயிலின் சுவர் ஓவியம் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் வெளியே வந்து கீழே ஏரியையும் கழனிகளையும் கொல்லைகளையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாதான் ஆரம்பித்தார்.

“ஏம்மா, எஞ்சின் நின்னு போச்சுன்னா எந்தக் கொல்லையில எறக்குவ?”

“நீங்க சொல்லுங்கப்பா. எதுல டிராக்டர் நேரா ஓடும்?”

அவர் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். கரும்பு மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் மாதிரி சமமாகத் தெரியும், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். நட்ட கழனியில் சேறு. சக்கரம் பட்டதும் பிடித்துக்கொள்ளும். தை, மாசியில் அறுத்த கழனி காய்ந்திருந்தால் பரவாயில்லை, ஆனால் குறுக்கே வரப்பு வரும். கோடையில் வற்றிய ஏரி விமான நிலையம் போலத் தெரியும், வண்டல் அள்ளிய பள்ளங்களும் வேலிக்காத்தான் புதரும் கிட்டே போனால்தான் தெரியும். மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லை நல்லது என்றார் அப்பா. செடி தாழ்வு, மண் இளகலாக இருந்தாலும் சேறு இருக்காது. எதில் இறங்கினாலும் உழவுச் சாலின் போக்கிலேயே இறங்கச் சொன்னார்.

“மோட்டார் கொட்டாய் எங்க இருக்குன்னு பாரு. அங்கெல்லாம் கம்பி போகும்.”

இந்த ஒரு வாக்கியம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்காதது. ஆயிரம் அடியிலிருந்து மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கொட்டாய் தெரியும். ஏரிக்கரைப் பனை வரிசையும் அப்படித்தான்: மேலிருந்து பார்த்தால் புள்ளிகள், இறங்கும்போது சுவர். காற்றின் திசைக்கு முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் புகை இருக்கிறது. ஆலை ஓடாத மாதத்தில் ஏரித் தண்ணீரைப் பார்க்கலாம். காற்று எந்தக் கரையிலிருந்து வருகிறதோ அந்தக் கரையோரம் அலையில்லாமல் பளிங்கு போல் கிடக்கும். தேர்வில் இடத்தைக் காட்டும்போது இதுபோலக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பயிற்சி பெறும் ஊரின் பயிர் வேறாக இருக்கலாம். அங்கே ஒரு விவசாயியிடம் பேசுங்கள்.

அடுத்தது கணக்கு. எடையும் சமநிலையும் போட்டுக் காட்டச் சொல்வார்கள். செஸ்னா 152 கிளம்பும்போது அதிகபட்ச எடை 1,670 பவுண்டு. வெற்று எடை விமானத்துக்கு விமானம் மாறும், அந்த விமானத்தின் எடைச் சான்றைத்தான் பார்க்க வேண்டும். 1,150 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 520. பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 24.5 கேலன், ஒரு கேலன் 6 பவுண்டு, ஆக 147. மீதி 373 பவுண்டு, கிட்டத்தட்ட 169 கிலோ. எக்ஸாமினர் 95 கிலோ, நீங்கள் 75 கிலோ என்றால் முழு டேங்கோடு கிளம்பக் கூடாது. எரிபொருளைக் குறைக்க வேண்டும், குறைத்தது பயணத்துக்கும் கையிருப்புக்கும் போதுமா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். இதைக் கேட்காமலே எடுத்துச் சொல்கிறவரை எக்ஸாமினர் கவனிப்பார்.

வெயிலும் கணக்கில் வரும். கத்திரியில் நம் பக்கம் 40 பாகை சர்வசாதாரணம். கடல் மட்டத்தில் தர அளவு 15 பாகை. கூடுதலான ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 120 அடி கூட்டினால், 25 பாகைக்கு 3,000 அடி. அதாவது புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுதளத்தில் நிற்கிற விமானம் 3,000 அடி மலையில் நிற்பது போலத்தான் மூச்சு வாங்கும். ஓட வேண்டிய தூரம் நீளும், ஏறுகிற வேகம் குறையும். அதே ஓடுதளம் 07, 25 என்று, அதாவது 70, 250 பாகைத் திசைகளில் கிடக்கிறது. கோடைக் காலையில் மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். 120 பாகையிலிருந்து 15 நாட் வீசினால், 07-க்கு ஐம்பது பாகை குறுக்கு. குறுக்குக் காற்று பதினொன்றரை நாட். செஸ்னா 152-க்குச் சோதித்துக் காட்டப்பட்ட அளவு 12. இறங்கலாம்தான், ஆனால் உங்கள் கைக்கு அது எட்டுமா என்ற பதிலை முன்பே வைத்திருக்க வேண்டும்.

வழிகண்டறிதலுக்கு நம் வட்டாரத்து வரைபடமே நல்ல பாடப்புத்தகம். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என ஐந்து தடங்கள் பிரிகின்றன; இப்படி ஓர் அடையாளத்தை வேறொன்றாக நினைக்க முடியாது. செஞ்சியின் மூன்று குன்றுகள், வீடூர் அணை, ஆரோவில்லின் பொன்னிறக் கோளம், மரக்காணம் உப்பளம், உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் எல்லாம் அப்படிப்பட்டவை. செஞ்சியிலிருந்து விழுப்புரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 19 நாட்டிகல் மைல். 90 நாட் வேகத்தில் 13 நிமிடத்துக்குள் ஜங்ஷன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று திண்ணையிலேயே யோசித்து வையுங்கள். வடக்கே போகும்போது கல்பாக்கம் தடை எல்லையையும் வரைபடத்தில் சிவப்பில் வரைந்து வையுங்கள்.

தேர்வு அன்று ஆவணங்களை நீங்களே எடுத்து வையுங்கள்: பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்றும் அதன் மறுஆய்வுச் சான்றும், காப்பீடு, வானொலி உரிமம், எடைச் சான்று, உங்கள் லாக்புக். பிறகு எரிபொருள் மாதிரி. கண்ணாடிக் குப்பியில் வடித்து, வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 100எல்.எல். எரிபொருள் நீல நிறம், தண்ணீர் இருந்தால் அடியில் முத்தாகத் திரளும். நீலமே இல்லாமல் தெளிவாக இருந்தால், குப்பியில் இருப்பது மொத்தமும் தண்ணீராக இருக்கலாம். ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காலையில் இதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது. கார்புரேட்டரில் பனி பிடிப்பதும் குளிர்நாட்டுச் சங்கதி மட்டுமில்லை. ஈரமான காற்றில் சக்தியைக் குறைத்து இறங்கும்போது 25 பாகைக்கு மேலும் பிடிக்கும்.

இறங்குகோடு சரியில்லை என்று தோன்றினால் சக்தியைக் கொடுத்து மேலே போய்விடுங்கள். கோ-அரவுண்ட் கேட்டு வாங்க வேண்டிய அனுமதி இல்லை, உங்கள் முடிவு. சுற்றி வந்து நிதானமாக இறங்கியவரை எந்த எக்ஸாமினரும் குறைத்து மதிப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழுந்தால், காலையில் எழுந்ததும் வானிலை அறிக்கையை நீங்களே எடுத்துப் படியுங்கள். மேகத் தளம் தாழ்ந்திருந்தால், பார்வைத் தூரம் குறைந்திருந்தால், எக்ஸாமினர் வேறு ஊரிலிருந்து வந்திருக்கிறாரே என்று தயங்க வேண்டாம். மேகம் இத்தனை அடி, பார்வைத் தூரம் இத்தனை கிலோமீட்டர், காற்று இத்தனை நாட் என்று எண்களைச் சொல்லி, “சார், இன்றைக்கு நான் பறக்க மாட்டேன், அடுத்த தேதி கொடுங்கள்” என்று கேளுங்கள். அதையும் தேர்வின் பகுதியாகவே அவர் பார்ப்பார்.