தாயை நினைப்பது எப்படி? சானே குருஜி தரும் பாடம்



நோயில் கிடந்த தாய்க்குப் பிள்ளைகள் அருகிருந்து பணிவிடை செய்து, பாலூற்றி வழியனுப்புவது ஒரு வகைப் பிரிவு. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவது வேறு வகை. அதில் கேட்க நினைத்தது கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது. அப்படிப் போன தாயை நினைவில் வைப்பது எப்படி? நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலேயே அதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 'சியாம்ச்சி ஆயி', அதாவது 'சியாமின் தாய்' என்ற நூலே அது. மராத்தி படித்த நம் பிள்ளைகளுக்கு இப்பெயர் புதிதல்ல. பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது.

நூல் பிறந்த கதை

இதை எழுதியவர் சானே குருஜி. 1899-இல் கொங்கணத்துப் பாலகட் என்னும் ஊரில் பிறந்தவர். அவர் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது, 1917 நவம்பரில் தாய் யசோதாபாய் காலமானார். மகன் வந்து சேர்ந்தபோது தாய் உயிருடன் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், விடுதலைப் போராட்டத்தில் கைதாகி நாசிக் சிறையில் இருந்த குருஜி, 1933 பிப்ரவரியில் சில நாட்களிலேயே இந்நூலின் பெரும்பகுதியை எழுதினார். 1935-இல் அது வெளிவந்தது. ஆசார்ய ஆத்ரே 1953-இல் அதைத் திரைப்படமாக்கினார். சிறந்த படத்துக்கான முதல் தேசிய விருது அதற்கே கிடைத்தது.

முதல் பாடம்: சிறியதை எழுதுதல்

நூலில் சியாம் 42 இரவுகள் தன் தாயைப் பற்றிப் பேசுகிறான். "என் தாய் தெய்வம்" என்று பொதுவாகப் புகழ்வதோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் இரவும் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறான். குளித்த ஈரக் காலில் மண் ஒட்டாமலிருக்கச் சேலையை விரிக்கும்படி சிறுவன் அடம்பிடிக்கிறான். தாயும் விரிக்கிறாள். காலில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்வது போல மனத்திலும் படாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்கிறாள். சேலை நுனியில் ஒரு பாடம் முடிந்துவிட்டது.

நம் வீட்டுப் பெண்கள் பாடும் ஒப்பாரியும் இதே வேலையைத்தான் செய்கிறது. போனவர் நட்டது, சமைத்தது, கொடுத்தது எல்லாவற்றையும் பெயர் சொல்லி அழுகிறது. ஆனால் பதினாறாம் நாளோடு அது ஓய்ந்துவிடுகிறது. எழுதினால் நிற்கும்.

இரண்டாம் பாடம்: தாய் நின்ற இடத்திலிருந்து நடத்தல்

ஒரு நாள் மகார் குலத்து மூதாட்டி ஒருத்தி விறகுக் கட்டைத் தலையில் தூக்கி வைக்க ஆளின்றித் தவிக்கிறாள். தீண்டாமைக்கு அஞ்சி எவரும் அருகே வரவில்லை. தாய் சியாமை அனுப்பி, அந்தச் சுமையைத் தூக்கிவிடச் சொல்கிறாள். பிறகு வந்து குளித்துக்கொள் என்றும் சொல்கிறாள். அவள் காலம் அவளை அவ்வளவு தூரமே விட்டது. மகனோ அங்கே நிற்கவில்லை. 1947 மே மாதத்தில், பண்டரிபுரம் விட்டலன் கோயிலைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட வேண்டுமென்று குருஜி உண்ணாநோன்பு இருந்தார். குளிக்கச் சொன்ன தாயின் பிள்ளை, கோயில் கதவைத் திறக்கச் சொன்னார். தாயை நினைப்பது என்றால் இதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

என் தாயார்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வாழ வந்தவர் என் தாயார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முந்தின இரவு வரை ஒரு தலைவலி கூட இல்லை. மாலை போட்ட படம் சுவரில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து என் மகள், "ஆச்சி எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டாள். படத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாதல்லவா? அதனால் எழுதத் தொடங்கினேன்.

நான் எழுதிய முதல் பக்கம் குழாயடியைப் பற்றியது. பக்கத்து வீட்டு மராத்திப் பெண் மாசமாக இருந்தாள். வரிசையில் எங்கள் முறை வந்தபோது அம்மா சொன்னார்: "ஏலே, அவ வயித்துப்புள்ளக்காரி. அவ கொடத்த மொதல்ல நெறச்சு வீட்டுல வச்சுட்டு வா." அம்மாவுக்கு மராத்தி தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள் பிள்ளை இன்றும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டுப் புத்தகத்தில், பக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சியாக எழுதுங்கள். தாய் பேசிய சொல்லை அவர் பேசியபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

2. தமிழ் படிக்காத பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். ஊரையும் ஆச்சியையும் அவர்கள் அறிய அதுவே வழி.

3. ஆண்டு நினைவு நாளில் படையலோடு, அவர் செய்த உதவி ஒன்றைப் பிள்ளைகள் கையால் செய்விக்கச் செய்யுங்கள்.

4. தாய் உயிரோடு இருக்கும் பாக்கியவான்கள் இன்றிரவே அவர் அருகில் உட்கார்ந்து, "உங்க சின்ன வயசுல என்னம்மா நடந்துச்சு?" என்று கேளுங்கள். சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.