உருசியர் உணவும் நம் நீராகாரமும்



பழைய சோறு என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் இன்று நம்மிடையே பெருகிவிட்டனர். ‘அஃது ஏழையர் உணவு’ என்று நாணுவோரும் உளர். உருசிய மக்களின் மரபுவழி உணவை அறிந்துகொண்டால், அந்த நாணம் வேண்டாததென்பது நமக்குப் புலனாகும்.

குளிர்நாட்டு உணவு

உருசியா பரப்பளவில் உலகிலேயே மிகப் பெரிய நாடு. அங்கே குளிர்காலம் நெடியது. ஆகவே, குளிரைத் தாங்கி வளரும் ‘ரை’ என்னும் தானியமே உழவரின் உணவாயிற்று. அதன் மாவைப் புளிக்கவைத்துக் கறுப்பு ரொட்டி சுடுவர். முட்டைக்கோசை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் குளிர்காலத்திற்கெனச் சேமிப்பர். முட்டைக்கோசினால் ஆக்கும் சாறு ‘ஷி’. தானியத்தை வேகவைத்து ஆக்கும் கூழ் ‘காஷா’. “ஷியும் காஷாவும் நம் உணவு” என்பது அவர்தம் பழமொழி.

பீட்ரூட் கிழங்கினால் ஆக்கும் ‘போர்ஷ்’ என்னும் செஞ்சாறு உக்ரேனியருக்கு உரியது. உருசியரும் அதனைத் தம் உணவாக்கிக் கொண்டனர். உக்ரேனியரின் போர்ஷ் சமையல் மரபை, உடனே காக்கப்படவேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2022 ஆம் ஆண்டில் சேர்த்தது.

நமக்கும் அவர்க்கும் உள்ள ஒற்றுமை

காய்ந்த கறுப்பு ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்தால், ‘குவாஸ்’ என்னும் பானம் கிடைக்கும். மீந்த சோற்றில் நீரூற்றி வைத்தால், மறுநாள் நமக்கு நீராகாரம் கிடைக்கிறது. இரண்டையும் புளிக்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. புளித்த மாவை வார்த்தெடுக்கும் ‘பிளினி’ நம் தோசைக்கு உறவு. விருந்தினரை ரொட்டியும் உப்பும் தந்து வரவேற்பது உருசியர் வழக்கம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோரும் கூறினர் அன்றோ?

சிங்கப்பூரில் உருசிய உணவு

சிங்கப்பூரில் ‘திரோய்க்கா’ என்னும் உருசிய உணவகம் ஒன்று இருந்தது. அது மூடப்பட்டபின், அங்குப் பணியாற்றியோர் சிலர் ஒன்றுகூடி, 1986 ஆம் ஆண்டில் ஆர்ச்சர்ட் சாலையில் ‘ஷாஷ்லிக்’ என்னும் உணவகத்தைத் தொடங்கினர். அவர்கள் உருசியரல்லர், ஹைனான் சீனர்! ஹைனான் மக்கள் ஆங்கிலேயர் இல்லங்களிலும் விடுதிகளிலும் சமையற்காரராய் உழைத்து, அயல்நாட்டுச் சமையலைக் கைவரப் பெற்றவர்கள். கற்கும் கைகளுக்கு எக்கலையும் அயலன்று என்பதற்கு இவர்களே சான்று.

சிராங்கூன் சாலையிலுள்ள தேக்காச் சந்தைக்குச் சென்றால், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகிய யாவும் கிடைக்கும். போர்ஷுக்கு வேண்டிய காய்கள் இவையே. அதற்கு மணமூட்டும் தழையும், நம் பாட்டிமார் மருந்தாக அறிந்த சதகுப்பையின் இனமே. பொருள் ஒன்று, பக்குவம் வேறு.

உணவின் அருமை

இரண்டாம் உலகப் போரில் செருமானியப் படை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, அந்நகரில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம் மட்டுமே. அதிலும் முழுவதும் மாவன்று. உண்ணத் தகாத பொருள்களும் கலந்திருந்தன. அதனையடுத்து 1942 முதல் 1945 வரை, சப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் மக்களும் அரிசியின்றி வாடி, மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் காத்தனர்.

ஆகவே, மாணவர்களே! மண்ணும் காலநிலையும் தந்ததைக் கொண்டு மக்கள் தம் அறிவால் ஆக்கிய உணவில் உயர்வு தாழ்வு இல்லை. பிறர் உணவை இகழாதிருப்போம். நம் உணவுக்கு நாணாதிருப்போம். ஒரு பருக்கையையும் வீணாக்காதிருப்போம்.

சிந்தனைக்கு:
1. குவாசும் நீராகாரமும் எவ்வகையில் ஒத்தவை?
2. உருசிய உழவர் ரை தானியத்தைப் பயிரிட்டது ஏன்?
3. போர்க்காலத்தில் உங்கள் குடும்பத்தார் எதை உண்டனர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.