இரண்டு டிஷ் ஒன்றானால்...

கேள்வி: டி.டி.எச். நிறுவனங்களே சந்தாதாரர்களை இழந்து திணறும்போது, போட்டியாளர்கள் இருவர் இணைவதை அரசு ஏன் தடுக்க வேண்டும்?

பதில்: எப்போதும் தடுக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் எக்கோஸ்டார் என்ற டி.டி.எச். நிறுவனம், 2001-ல் தன் போட்டி நிறுவனமான டைரக்டிவியை வாங்க ஒப்பந்தம் போட்டது. நகரவாசிகளுக்குக் கேபிள் இருந்தது. கேபிள் எட்டாத கிராமத்து வீடுகளுக்கோ இந்த இரண்டு டிஷ்களை விட்டால் வழியில்லை. 'நாடு முழுக்க ஒரே விலை' என்ற வாக்குறுதியும் எடுபடவில்லை. 2002 அக்டோபரில் தகவல் தொடர்பு ஆணையம் அனுமதி மறுத்தது; அரசின் நீதித்துறையும் இணைப்பைத் தடுக்க வழக்குப் போட்டது. டிசம்பரில் ஒப்பந்தம் ரத்து. அது சரியான முடிவு.

இந்தியாவில் 2018-ல் டிஷ் டிவியும் வீடியோகான் டி2எச்சும் இணைந்தன. டாடா ஸ்கை, ஏர்டெல், சன் டைரக்ட், கேபிள், மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் என்று பல மாற்றுகள் இருந்தன. எனவே போட்டி ஆணையம் அனுமதித்ததில் பிழையில்லை. இன்று ஓ.டி.டி.யும் சேர்ந்துகொண்டது.

ஆனால் மாற்று இருந்தால் போதாது, மாறுவதும் சுலபமாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொன்றுக்கு உதவாது. நிறுவனம் மாறினால் புதுப் பெட்டிக்குச் செலவு. மொட்டை மாடியில் ஆள் ஏறி டிஷ்ஷையும் திருப்ப வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான பெட்டி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-லேயே பரிந்துரைத்தது. இணைப்புக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் அதையே முதல் நிபந்தனையாகக் கேட்கலாம்.